கரிமூக்கி சிந்திய தீவனம்

மூக்கு மட்டும் கறுத்த அந்த வெள்ளை முயலுக்குக் கரிமூக்கி என்று பேர் வைத்தவள் பேச்சியம்மாள். தீனிப்பெட்டிக்குள் காலை விட்டுப் பறித்து, பாதித் தீவனத்தைக் கீழே தள்ளுகிறது என்று அதன்மேல் பழி விழுந்தபோது அவள் முதலில் நம்பவில்லை.

மற்ற கூண்டுகளுக்கு அடியில் புழுக்கைதான் கிடக்கும். வேலியோரம் இருந்த கரிமூக்கியின் கூண்டுக்கு அடியில் மட்டும் குச்சித் தீவனம் இறைந்து கிடந்தது. பேச்சியம்மாளும் சும்மா இருக்கவில்லை. பெட்டியை நிறைக்காமல் காலையும் மாலையும் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டாள். தூளாக இருந்தால் முயல் ஒதுக்கித் தள்ளும் என்று சலித்துப் போட்டாள். கீழே சாக்கு விரித்தாள். மூத்திரத்தில் ஊறியதை எடுத்து எந்த முயலுக்குப் போடுவது? பக்கத்து குவார்ட்டர்ஸ் விஜயகுமாரியின் கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம். வேலிச் சந்தில் புகுந்து ஒன்று விடாமல் பொறுக்கின. வீணாகப் போவதைக் கோழியாவது தின்னட்டும் என்று இவளும் விரட்டியதில்லை.

விஜயகுமாரி அவளுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் இந்த பிளாக்கில் யாரையும் தெரியாமல் முழித்த பேச்சியம்மாளுக்கு, பால்காரர் முதல் பஸ் வரை எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் இந்தக் காடாம்புலியூர்க்காரிதான். ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது பேச்சியம்மாள் முயல்களை அவள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்த பிறகுதான் தீவனம் சிந்தத் தொடங்கியது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற புத்தி அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெட்டியைக் கழற்றிப் பார்க்கும்படி கணவன் துரைராஜிடம் சொல்லப்போவதாக அவள் வாய்விட்டுச் சொன்னாள். அன்றைக்குத்தான் விஜயகுமாரி அந்த யோசனையைச் சொன்னாள்.

"பெட்டி இன்னாக்கா பண்ணும்? முயலு பழகிப்போச்சு, இனிமே திருந்தாது. அதப் பாத்துகினு மத்ததும் கத்துக்கும். கறிக்குத் தள்ளிவுட்டுடு."

மந்தாரக்குப்பம் கறிக்கடைக்காரரையும் அவளே வரச்சொன்னாள். கூண்டைத் திறந்து கரிமூக்கியைத் தூக்கிப் பையில் போட்டது பேச்சியம்மாள். விஜயகுமாரி அதன் முதுகைத் தடவி, பாவம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு.

பிறகு அந்தக் கூண்டில் வேறொரு முயலை விட்டார்கள். பரம சாது. விட்ட அன்றே கீழே தீவனம் இறைந்தது. ஷிப்ட் முடிந்து வந்த துரைராஜ் பெட்டியைக் கழற்றினான். மைன்ஸில் ஃபிட்டர், தகரம் வெட்டி அந்தப் பெட்டிகளைச் செய்தவனும் அவன்தான். முயல் காலால் வாரி இறைக்கக் கூடாது என்று எல்லாப் பெட்டிகளின் விளிம்பையும் உள்பக்கமாக மடித்திருந்தான். இதில் மட்டும் அந்த மடிப்பு வெளியே நிமிர்ந்திருந்தது.

"முயலுக்குக் குறடு பிடிக்கத் தெரியுமா? தடத்தைப் பாரு," என்றான்.

ஊருக்குப் போயிருந்தபோது கூண்டுப் பக்கம் வந்துபோனவள் விஜயகுமாரி ஒருத்திதான் என்பது பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியருகே போனாள். அதைப் பார்த்ததும் விஜயகுமாரியின் முகம் செத்துப்போனது, ஆனால் மழுப்பவில்லை. நாலு கோழி தின்றதில் என்ன குறைந்துவிட்டது என்று கேட்டாள்.

"கேட்டிருந்தா மூட்டையோட குடுத்திருப்பேனே விஜயா. ஒரு பாவமும் அறியாத உயிரை வெட்டக் குடுக்கச் சொல்லிட்டியே. உன்னை நம்பித்தானே குடுத்தேன்."

"நான் வாயாலதான் சொன்னேன்க்கா," என்றாள் விஜயகுமாரி. "தூக்கிக் குடுத்தது உன் கை."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சியம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். வேற்றாள் தூக்கினாலே பிறாண்டி வைக்கிற கரிமூக்கி, அன்று அவள் தூக்கியபோது துள்ளவே இல்லை. தீனி போடுகிற கைதானே என்று விரலை முகர்ந்துகொண்டே பைக்குள் போனது.