பதினோராவது பெயர்

டாஸ் போட இன்னும் இருபது நிமிடம். நடுவரிடம் கொடுக்க வேண்டிய தாளில் பத்துப் பெயர்கள் எழுதியாகிவிட்டன. பதினோராவது இடம் காலி. புதுக் கேப்டன் பேனா மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தான்.

வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்ற தேசிய அணி. பத்திரிகைகள் நார்நாராகக் கிழித்துவிட்டன. போன வாரம் பழைய கேப்டனை இறக்கிவிட்டுப் பொறுப்பை இவன் தலையில் கட்டினார்கள். பழைய கேப்டன் வேறு யாருமில்லை, இவனுடைய அக்காள் புருஷன். தேர்வுக்குழுவுக்கு ஈவு இரக்கம் ஏது?

"அத்தானை மட்டும் உக்கார வெச்சே, என் வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. இன்னிக்கு ஆடலைன்னா அவரை ஒரேயடியா ஓரங்கட்டிடுவாங்க" என்று அக்கா காலையிலேயே போனில் பொரிந்தாள். இப்போது குடும்பத்தார் வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தான் உடைமாற்றும் அறை மூலையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால். கேப்டனுக்குச் சுருக்கென்றது.

"அத்தான்!" என்று பந்தை வீசினான். பன்னிரண்டு வருஷமாக முதல் ஸ்லிப்பில் நின்று கேட்ச் பிடித்தவர், இடது கையால் பிடித்தார். வலது கை மடியை விட்டு எழவே இல்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லடா."

"காட்டுங்க அத்தான்."

நடுவிரல் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. நேற்றுப் பயிற்சியில் பட்டதாம். டாக்டரிடம் மூச்சு விடவில்லையாம்.

"வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டு நின்னுடுவேன் மச்சான். இதை விட்டா எனக்கு வேற வாய்ப்பே இல்ல." அணியையே அதட்டி மேய்த்த குரல் கம்மிப்போயிருந்தது.

அத்தான் பெயரை எழுதப் பேனாவைத் தாளில் வைத்தான். ஆனால் ஸ்லிப்பில் ஒரு கேட்ச் நழுவினால் பத்தாவது தோல்வி. குனிந்து, வேகப்பந்துக்காரன் ஒருவனின் பெயரை எழுதினான்.

"பிட்ச்ல புல் நிறைய இருக்கு, அதான் வேகப்பந்துக்காரனை எடுத்தேன்னு சொல்லிடறேன். விரலை மறைச்சீங்கன்னு தெரிஞ்சா உங்களைச் சும்மா விடமாட்டாங்க. பழி என்னோட போகட்டும்."

அத்தான் கட்டிய ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

டாஸிலும் தோல்வி. முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு விக்கெட்கூட விழவில்லை. குடும்பத்தார் வரிசைப் பக்கம் திரும்பவே கேப்டனுக்குத் தைரியமில்லை.

தண்ணீர் இடைவேளை. பாட்டில் சுமப்பது சின்னப் பையன்களின் வேலை. சுமந்துகொண்டு வந்தது அத்தான். வலது கையில் டாக்டர் போட்ட வெள்ளைக் கட்டு. குடும்பத்தார் வரிசைக்கு நேரே நின்று, அந்தக் கையை நன்றாக உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"விரலை மறைச்சதை நானே போய்ச் சொல்லிட்டேன். என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்." பாட்டிலை நீட்டினார். "உங்கக்கா பாத்துட்டா. சாயங்காலம் சாப்பிட வந்துடு."

வாங்கிக் குடித்தான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இங்க நின்னு அழாதடா, கேமரா இருக்கு" என்றார் அத்தான். "ஸ்லிப்பை ரெண்டடி முன்னால கொண்டுவா."