கிடேரி சுற்றிய நிலம்

பொழுது விடிந்து சாய்வதற்குள், இரண்டு வயதுக் கிடேரி ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாளோ அவ்வளவும் அவளுக்குச் சொந்தம். ஐஸ்லாந்தில் வந்து இறங்கியவர்கள் போட்ட சட்டம் அது. ஆம்பளை என்றால் அங்கங்கே நெருப்பு மூட்டினால் போதும், நடக்க வேண்டியவள் பொம்பளைதான். நடப்பதற்கெல்லாம் தெர்பால் அஞ்சுகிறவளா என்ன!

பதின்மூன்று வயதில், அயர்லாந்துக் கரையில் கடற்பாசி பொறுக்கிக்கொண்டிருந்தவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து கப்பலில் போட்டவன் ஹால்வார்ட். இருபத்தைந்து வருஷம் அவன் தொழுவத்தில் சாணி அள்ளினாள். அவனுக்கே ஒரு மகனையும் பெற்றாள். இடுப்பு விட்டுப்போன பிறகுதான் விடுதலை கொடுத்தான், பெரிய தர்மப்பிரபு!

அன்று காலை கிடேரியை அவிழ்த்துக் கொடுத்தவனும் அவனேதான்.

"ஓட்டு, ஓட்டு. பொழுது சாயறதுக்குள்ள என் பன்னிக் கொட்டிலையாவது சுத்திட்டு வந்துடுவியா, பாப்போம்" என்று சிரித்தான். "சாட்சிக்குக் கூட நடக்க ஒரு ஆம்பளை வேணுமே, யாரு?"

"எம் மகன் இருக்கான்" என்றாள் தெர்பால்.

ஓட்டார் அப்படியே அப்பன் ஜாடை. அவன் நாக்கில் தன் அயர்லாந்துப் பேச்சில் ஒரு சொல் ஒட்டினாலும் அவனையும் அடிமைகளோடு நிறுத்திவிடுவார்களே என்று பயந்து, தாலாட்டைக்கூட அவள் அவர்கள் மொழியில்தான் பாடியிருந்தாள்.

உச்சிவேளையில் கிடேரி சதுப்பில் படுத்துக்கொண்டது. இழுத்தாள், கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் தனக்கென்று வைத்திருந்த வாற்கோதுமை ரொட்டியை அதன் வாயில் திணித்தாள். ஓட்டார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் தொடக்கூடாதும்மா. சட்டம்."

"தெரியும்டா. இந்த ஓடைப் பக்கம் வீடு கட்டிக்கலாம், என்ன? நாளைக்கு உனக்கொருத்தி வந்தா தண்ணிக்கு அலைய வேணாம் பாரு."

"பேசாம நடம்மா."

காலையில் கிளம்பிய இடத்துக் கல்லை அவள் தொட்டபோது, மேற்கு மலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன் நின்றது. காலில் ரத்தம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாத்துக்கடா, நல்லாப் பாத்துக்க."

"பாத்தேம்மா."

மறுநாள் காலை அந்தக் கல்லருகே அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூடினார்கள். ஹால்வார்ட் மகன் தோளில் கை போட்டான்.

"சொல்லு."

ஓட்டார் அம்மாவைப் பார்க்கவில்லை. "இவ கல்லைத் தொடும்போது பொழுது விழுந்துடுச்சு."

"அப்போ என் பண்ணையை ஒட்டின நிலம், என்னுதுதான். என் மகனுக்கே குடுக்கறேன்" என்றான் ஹால்வார்ட், நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தவன் போல.

"இதுக்குப் 'பிந்தினவ கல்'லுன்னு பேர் வெச்சுடுவோம்" என்றான் ஒரு பண்ணைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவள் மகனைப் பிடித்தாள். "ஏண்டா? எனக்கப்புறம் உனக்குத்தானேடா அது!"

"உங்கிட்டேர்ந்து வந்தா ஊரே என்னை அடிமைச்சி மகன்னுதான் சொல்லும். அவர் குடுத்தா நான் ஹால்வார்ட் மகன்." அவன் குரல் இறங்கியது. "உன்னை விட்டுட மாட்டேம்மா. தொழுவத்துல இடம் இருக்கு."

இருபத்தைந்து வருஷமாக அடக்கி வைத்திருந்த தன் தாய்மொழியில், உன்னைப் பெற்றதற்கு அன்றைக்கே கப்பலிலிருந்து கடலில் குதித்துச் செத்திருக்கலாமடா பாவி என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஓட்டார் மிரண்டு விழித்தான். அவனுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"என்னம்மா சொன்னே?"

தெர்பால் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து கிடேரியின் கயிற்றை எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள், அவர்கள் மொழியில். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னேன்."