அப்பாவைத் திருப்பிப் போடுவது

1

படார்! கதவு திறந்துகொண்டது. உள்ளே புகுந்த காற்றில் ஒரு குடும்பமே பறந்தது.

(பத்திரிகை ஆசிரியர் இந்தத் தொடக்கத்தை நம்பமாட்டார். ஆனால் கதை எனக்குக் கிடைத்ததே இப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெண் கட்டிலுக்கடியில் குனிந்து, "அப்பாவோட காலைக் காணோம்மா!" என்று அலறினாள். காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?)

பறந்தவை கறுப்புத் தாளில் வெட்டிய உருவங்கள். அவள் அவற்றை வைத்துப் படம் எடுக்கிறாள். வெள்ளைப் பலகைமேல் அப்பா, அம்மா, ஆடு. கையைத் துளி நகர்த்தி ஒரு படம், மேலும் துளி நகர்த்தி இன்னொன்று. வரிசையாக ஓட்டினால் அப்பா களை பிடுங்குவார்.

2

அவள் சோகமே உருவாக...

[வேண்டாம். அவள் வாயாடி.]

சோகம் வீட்டில்தான். அம்மாவிடம் கேட்காமல் கொள்ளாமல் அப்பா பசுவை விற்றுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் ஆடு வழியாகத்தான் பேசுகிறார்கள்.

"ஏய் ஆடே, உங்க ஐயாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பசிக்கலைன்னு சொல்லு, ஆடே."

ஆடு தட்டைப் பார்த்தது. அதற்குப் பசித்தது.

படத்தின் கடைசிக் காட்சியில் அப்பாவும் அம்மாவும் முகம் பார்த்துச் சிரிக்கவேண்டும். அதைப் போட்டுக் காட்டினால் நிஜத்திலும் சிரித்துவிடுவார்கள் என்பது மகளின் கணக்கு.

3

கணக்கு தாளிலேயே பிசகியது. அப்பா முன்னால், அம்மா பின்னால் என வயலுக்குப் போவதை ஜன்னல் வழியே பார்த்து வெட்டியவள், இருவரையும் ஒரே பக்கம் பார்க்க வெட்டிவிட்டாள். எப்படி வைத்தாலும் ஒருவர் இன்னொருவரின் பிடரியைத்தான் பார்க்கிறார்!

புதிதாக வெட்டலாமே என்பீர்கள். கறுப்புத் தாள் தீர்ந்துவிட்டது. (தீராவிட்டால் கதை இங்கேயே தீர்ந்துவிடும். அதனால் நானே தீர்த்துவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: பசு தானாகத் திரும்பி வருகிறது. [வாங்கினவர் விடுவாரா?]

முடிவு இரண்டு: ஆடு வாய் திறந்து... [அடிக்க வருவீர்கள்.]

நடந்தது இதுதான். கட்டிலுக்கடியில் கிடந்த தன் காலை அப்பாவே எடுத்து வந்து, பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறேன்?"

"திருப்பிப் போட்டா, கை காலைச் சேர்க்கப் பின்னாடி ஒட்டின வெள்ளைத் தாளெல்லாம் தெரியும்ப்பா. பார்க்கச் சகிக்காது."

அம்மா ஆட்டைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டிடம் சொன்னாளா, அவரிடமே சொன்னாளா என்பதும் உங்கள் பாடு. அப்பா சொன்னதோடு நான் பேனாவை மூடுகிறேன்.

"ஒட்டு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. என்னை அவ பக்கமா திருப்பிப் போடும்மா."