றோலண்ட் ஆன ஜூலியன்

2004 ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்ததும், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பதினேழு பேரைப் பங்குச் சாமியார் வட்டவளைக் கோயில் மண்டபத்தில் பிடித்து உட்கார வைத்தார். அவர்கள் முன்னால் நின்றவன் ஜூலியன். தேயிலைத் தோட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கம்பியூட்டர் படிப்பவன். விடுமுறையில் கொழும்புக் கம்பனி ஒன்றில் மூன்று மாதம் பயிற்சி எடுத்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தான். “அனுபவத்தைச் சொல்லுங்க தம்பி, நேர்முகப் பரீட்சைக்கு எப்படிப் போறதுன்னும் சொல்லுங்க” என்று சாமியார் கேட்டபோது, முடியாது என்று ஒரு தடவைதான் மறுத்தான்.

“தன்னம்பிக்கை முக்கியம்” என்று ஆரம்பித்தான். நிமிர்ந்து உட்கார வேண்டும், கேட்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனான். மூன்றாவது வரிசை வாங்குப் பலகையில் இரண்டு தலைகள் ஆடின. ஆமோதிக்கிறார்கள் என்று நினைத்தான். தூங்கி விழுகிறார்கள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். ஜெனிதா, அவனுடைய சொந்தத் தங்கச்சி.

“சேர், ஒரு கேள்வி. நேர்முகப் பரீட்சையில நீங்க மொதமொதல்ல என்ன சேர் சொன்னீங்க?”

ஜூலியனுக்குக் காது சூடானது. வீட்டில் அவளிடம் மட்டும் சொன்ன விஷயம் அது.

“அது இப்ப எதுக்கு?”

“அனுபவம்னு சொன்னீங்களே, சேர்.”

தூங்கியவர்களும் விழித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சொன்னான். கொத்மலைக்கார றோலண்ட் அவனுக்கு ஒரு வருடம் மூத்த மாணவன். முந்தைய வருடம் நேர்முகப் பரீட்சையில் தான் சொல்லித் தேறிய பதிலை இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தான். அதை ஜூலியன் ரயிலில் கொழும்பு போய்ச் சேரும்வரை மனப்பாடம் செய்தான். நேர்முக அறைக்குள் மூன்று பேர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் தண்ணீர்பட்ட பாடாகக் கொட்டினான்: “மை நேம் இஸ் றோலண்ட். ஐ ஆம் ஃப்ரம் கொத்மலை.”

நடுவில் இருந்த அம்மா கோப்பைப் புரட்டிப் பார்த்தார். “அப்படியென்றால் ஜூலியன் எங்கே?”

“அவர் இன்னும் வரல்லைங்க மேடம்னு சொல்லிட்டேன்” என்றான் ஜூலியன்.

மண்டபம் அதிர்ந்தது. சாமியார் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார்.

“பொறகு?” என்றான் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன்.

“அந்தம்மா சிரிச்சிட்டாங்க. தண்ணி குடுத்து, மனப்பாடத்த விட்டுட்டு செஞ்ச வேலயச் சொல்லுங்கன்னாங்க. கேட்ட மூணு கேள்வில ஒண்ணுக்குத்தான் சரியா பதில் சொன்னேன். ஆனாலும் ஒரு கிழமையில நம்ம தோட்டத்து சின்னராசா கடைக்கு போன் வந்திருச்சு. மொதல்ல எடுத்த பையன் வேற எடத்துக்குப் போயிட்டானாம்.”

பயிற்சியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமைக் கெடுத்துப் பார்ப்பதுதான் அவன் வேலை. தேதி கேட்டால் பேரை அடிப்பான், பேர் கேட்டால் நம்பரை அடிப்பான். ஒருநாள் விண்ணப்பப் படிவம் ஒன்றில் தன் வீட்டு விலாசத்தை அடித்தான். லயத்து நம்பர், டிவிஷன், தோட்டம், தபால் கந்தோர் என்று நான்கு வரி. படிவம் இரண்டு வரியோடு நின்றுவிட்டது. “எங்க ஆளுங்க யாரும் இதுல எழுத முடியாதுங்க” என்று போய்ச் சொன்னான். மறுநாளே படிவத்தை மாற்றினார்கள். அதைச் சொல்லும்போது அவன் நிமிர்ந்து நின்றான். ஜெனிதாகூடக் கிண்டல் செய்யவில்லை.

முன்வாங்கில் இருந்த இசபெல் கை தூக்கினாள். “மொதல் ஆளு வராம போறது எப்பன்னு நமக்கு எப்படி சேர் தெரியும்?”

“தெரியாது. அதனால போன் நம்பர மட்டும் பிழையில்லாம எழுதிக் குடுத்துட்டு வாங்க.”

அதை எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். தன்னம்பிக்கையை ஒருவரும் எழுதவில்லை.

இசபெல் விடவில்லை. “இப்பவே என்னய ஒரு தடவ கேளுங்க சேர்” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றான் ஜூலியன். பேர், ஊர், படிப்பு, வலைப்பந்தில் வாங்கிய கிண்ணம், கணக்கில் தனக்கு வராத பாடம் வரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“அடுத்த கேள்வி, சேர்?”

ஜூலியன் நெற்றியைத் தடவினான். றோலண்ட் எழுதிக் கொடுத்த பக்கத்தில் அதற்குமேல் இருக்கவில்லை. மெதுவாக ஜெனிதா பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.