இருமலுக்குத் தடையில்லை

மாட்டுங்காவில் இருந்த மருத்துவ நூலகம் செல்போன் வழியாக வெளியே வரத் தொடங்கிய அன்று, அதன் அமைதியும் கூடவே கிளம்பி சீத்தா கேம்ப் குடிசைச் சந்துக்கு வந்துவிட்டது. சுகாதாரப் பணியாளர் லூசியம்மாள் தண்ணீர்க் குழாயடியில் நின்றபடி, சொட்டு மருந்து பற்றி ஏதோ படிக்க நூலகப் பக்கத்தைத் திறந்தாள். அந்த நொடியே குடத்துச் சண்டை வெறும் வாயசைப்பாகிவிட்டது. எதிர்வீட்டு பேகம் கையை நீட்டி நீட்டித் திட்டுவது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. தண்ணீர்கூடக் குடத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. போனை மூடியதும் எல்லாச் சத்தமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

புகார் நூலகர் ஜம்புவிடம் போனது. வாசிப்பறையில் நாற்காலி கிறீச்சிட்டால் அதைப் பெயர் சொல்லி அதட்டுகிற மனிதர் அவர். தொலைவில் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு நூலகச் சேவை முழுவதையும் அனுப்பச் சொல்லி மேலிடம் எழுதியிருந்தது, அவரும் முழுசாக அனுப்பிவிட்டார். "லைப்ரரின்னா அமைதியும் சேர்ந்துதானே வரும் லூசியம்மா? தனியா பிரிச்சு வெக்க எனக்குத் தெரியாதே" என்றார்.

சந்து மெல்லப் பழகிக்கொண்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் லூசியம்மாள் பின்னாலேயே அலைந்தன. மாமியார் வாய் திறக்கும் வேளை பார்த்து மருமகள்கள் அவளை டீக்கு அழைத்தார்கள். எதிர்த்தது அவள் கணவர் ஜோசப்ராஜ் மட்டும்தான். பை தைக்கும் பட்டறையிலிருந்து வந்ததும் டிவியை அலறவிட்டு, "வீட்டுக்குள்ள அந்தப் போனத் தொறந்தேன்னா பொல்லாதவனாயிருவேன்" என்பார். கிரிக்கெட் பைத்தியம் என்று அவள் விட்டுவிட்டாள்.

மழைக்காலம் முடிந்தபோது பேகத்தின் பேத்திக்குக் காசநோய் என்றார்கள். அடுத்து பக்கத்து வீட்டுக் குழந்தை சைஃபுக்கு. ஜம்பு தேடி அனுப்பிய புத்தகத்தில் தெளிவாக இருந்தது: சின்னக் குழந்தைக்கு இது பெரும்பாலும் பக்கத்தில் இருமும் பெரியவரிடமிருந்துதான் வரும். அந்த ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் இன்னொரு குழந்தை படுக்கும். லூசியம்மாள் வீடு வீடாகக் கேட்டாள். வேலை போய்விடும், பெண்ணுக்கு வரன் வராது என்ற பயத்தில் சந்து மொத்தமும் கல்லுக்குண்டு போல ஆரோக்கியமாக இருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திடீரென்று ஒன்று தோன்றி ஜம்புவுக்குப் போன் போட்டாள். "சார், ஒங்க லைப்ரரில ஒருத்தர் இருமுனா என்ன செய்விய?"

"இருமினா என்ன பண்றது, பாவம்? அதை மட்டும் கண்டுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, சந்தின் நடுவில் நின்று நூலகத்தைத் திறந்தாள். மிக்ஸி, ஆட்டோ, சண்டை, பாட்டு எல்லாம் அடங்கின. மிச்சமிருந்தது ஒரே ஓர் இருமல். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது அவளைத் தன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

உள்ளே டிவியில் ஊமையாகப் பந்து பறந்தது. ஜோசப்ராஜ் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தபடி துண்டுக்குள் இருமிக்கொண்டிருந்தார். லூசியம்மாள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. சொந்தப் புருஷனைத் திட்டக்கூட அவள் போனை மூட வேண்டியிருந்தது.

"எத்தன நாளா இருமுதிய?"

"பட்டறையில தெரிஞ்சா நிப்பாட்டிருவானுவல்லா, லூசி."

"அந்தப் பிள்ளைய ரெண்டும் ஒங்க மடியில இருந்துதான டிவி பாத்துச்சு, பாவி மனுசா!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ஊரெல்லாம் தேடியவளுக்குச் சொந்த வீட்டில் தெரியாமல் போனதே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஜோசப்ராஜ் தலை குனிந்தபடி சளிப் பரிசோதனைக்குப் போனார். மாத்திரை மாதக்கணக்கில் ஓடியது. பட்டறைக்காரன் லீவு போட்டுக்கொள் என்றான், நிறுத்தவில்லை. குழந்தைகள் தேறி, மறுபடியும் குழாயடியில் வழுக்கி விழ ஆரம்பித்தன.

இப்போது தண்ணீர் வரும் நேரம் போல அமைதி வரும் நேரமும் சந்தில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை முடிந்த வாரம் லூசியம்மாள் போனைத் திறந்தபோது, சந்தே ஜோசப்ராஜ் வாசலில் கூடிக் காதுகொடுத்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனை மூடாமல் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பேகம் அவள் தோளை இடித்து, அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கினால் கேட்காது, சீக்கிரம் மூடு என்று கையால் சொன்னாள்.