நடுவில் ஒரு பேர்

சாந்தமேரி பிரிக்பீல்ட்ஸில் மாதா கோவிலை ஒட்டிய பாலர் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதுப் பிள்ளைகள் சேரும்போது அவர்களுடைய தண்ணீர்ப் போத்தல்களிலும் பைகளிலும் பேர் எழுதி ஒட்டுவது அவள் பொறுப்பு. ஊரார் பிள்ளைகளின் பேர்களை எழுதி எழுதி, தனக்கென்று வைத்திருந்த ஒரு பேரை மட்டும் எங்கும் எழுதாமலே காத்து வந்தாள். நேத்தன். அந்தப் பேர் அவள் கணவன் சிரிலுக்கும் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

அப்படியிருந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வந்தது.

கோவிலில் பணிசெய்யும் கன்னியாஸ்திரி ஒருவர்தான் தகவல் சொன்னார். காப்பாரில் ஒரு பெண், பேர் மலர்விழி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கட்டிக்கொள்கிறேன் என்றவன் சிங்கப்பூருக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டான். பெற்ற தாய் வீட்டுக்குள் விடவில்லை. அத்தை ஒருத்திதான் சேர்த்துக்கொண்டாள். மலர்விழிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, நல்ல இடத்தில் கொடுக்க நினைக்கிறாள் என்றார். நலத்துறையில் முடிக்க வேண்டியதை முடித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிலும் சாந்தமேரியும் காப்பாருக்குப் போனார்கள்.

மலர்விழி ஒல்லியாக இருந்தாள். தலை குளித்து, ஈரம் காயாத முடியைப் பின்னாமல் விட்டிருந்தாள். குழந்தையின் துணிகளை மடித்து ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, மறுபடி அவிழ்த்து, இன்னொரு தரம் மடித்து வைத்தாள். சிரில் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"நான் இவன எழிலன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க உங்களுக்குப் பிடிச்ச பேரா வைங்க, அதான் சரி. நடுவுல எங்கயாச்சும் இதையும் வச்சிடுங்கக்கா. யாரும் கூப்பிட வேணாம். இருந்தா போதும்."

சாந்தமேரியின் கண் முழுக்கக் குழந்தை மேலேயே இருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பெண் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். "வைக்கிறேம்மா" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சிரிலிடம் அவள் சொல்லவில்லை. ஞானஸ்நானத்துக்கு என்ன பேர் என்று சாமியார் கேட்டனுப்பினார். சிரிலுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நேத்தன் இக்னேஷியஸ். அப்பா இருந்திருந்தா குதிச்சிருப்பாரு, மேரி."

சிரிலின் அப்பா இக்னேஷியஸ் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். போன வருஷம்தான் காலமானார். கடைசியாகப் படுத்திருந்தபோது, பேரன் வந்தால் தன் பேரை எங்காவது சேர்த்து வை என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிலுக்குக் குரல் இறங்கிவிடும். அவனிடம் இன்னொரு பேரை எடுத்து எப்படி நீட்டுவது என்று சாந்தமேரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே இருந்த காரணம் அதுவல்ல. இத்தனை காலம் ஏங்கி வாங்கிய பிள்ளை முழுசாகத் தனக்கே வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்தப் பேரைச் சேர்த்தால், கூப்பிடும்போதெல்லாம் ஈரமுடியோடு அந்தப் பெண் நடுவில் வந்து நிற்பாள். நாளைக்கு மகன் இது யார் வைத்த பேர் என்று கேட்பான். எதற்கு அதெல்லாம்?

ஒரு பிற்பகல், சிரில் வேலைக்குப் போயிருந்த நேரம், குழந்தை அழத் தொடங்கினான். பால் கொடுத்தாள், குடிக்கவில்லை. துணி மாற்றினாள். தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். கீழே வடைக் கடைப் பக்கம் ஏதோ லோரி ஹார்ன் அடித்தது. அதற்கும் மேலே கேட்டது அவன் அழுகை. கை ஓய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தவள், வீட்டில் யாருமில்லை என்ற தைரியத்தில், அவன் காதருகே குனிந்து மெதுவாக அழைத்தாள்.

"எழிலா."

அவன் அழுதுகொண்டே இருந்தான்.

"எழிலா... எழிலன் குட்டி..."

ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பேர் அவனுக்குத் தெரியவே தெரியாது. அதைக் கண்டதும் மனசு லேசாகும் என்றுதான் சாந்தமேரி நினைத்திருந்தாள். ஆகவில்லை. இந்தப் பேர் இவனுடையது என்று அறிந்தவர்கள் அந்தப் பெண்ணும் தானும் மட்டும்தான். தான் வாயை மூடிக்கொண்டால், காப்பாரில் ஒருத்தி தனியாக அதைச் சொல்லிக்கொண்டு கிடப்பாள். பிள்ளை கையில் இல்லாமல் ஒரு பேரை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பது எப்படி என்று சாந்தமேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

சிரில் வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். அவன் தேநீரைக் கீழே வைத்தான்.

"அந்தப் பொண்ணுகிட்ட வாக்கு குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்னைக் கேக்காம?"

சிரில் கோபப்பட்டுக் கத்துகிறவன் இல்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.

"அப்பாவுக்கு நானும்தான் வாக்கு குடுத்திருக்கேன், மேரி. இரண்டையும் சேத்து வச்சா ரயில் பொட்டி மாதிரி நீளும் லா. ஒண்ணுதான் முடியும்." திரும்பி அவளைப் பார்த்தான். "சனிக்கிழமை போவோம். முடியலம்மான்னு நேர்லயே சொல்லிடு. பாவம், அவள ஏமாத்த வேணாம்."

சனிக்கிழமை காப்பாரில் அத்தை மட்டும்தான் வீட்டில் இருந்தாள். மலர்விழி மறுபடி வேலைக்குப் போகிறாள் என்றும், காலை ஷிப்ட் விடும் நேரம்தான் என்றும் சொல்லி வழி காட்டினாள். தொழிற்சாலைக்கு எதிரே நிழலாகப் பார்த்துச் சிரில் வண்டியை நிறுத்தினான். குழந்தை பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். சாந்தமேரி மட்டும் இறங்கி, சாலையைக் கடந்து கேட்டருகே போய் நின்றாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். மாமனார் ஆசை, சாகும்போது கேட்டது, மன்னிச்சிடும்மா.

சங்கு ஊதியது. ஊதாச் சட்டை போட்ட பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மலர்விழிதான் முதலில் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா! பிள்ளைக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கான். வெயிட் போட்டிருக்கான்."

அவள் மூச்சு விட்டாள். கையுறைக்குப் போடும் மாவு அவள் புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "என்ன பேருக்கா வச்சீங்க?" என்று கேட்டாள்.

சாந்தமேரி ஓட்டிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போயிற்று.

"நேத்தன் எழிலன்."

"நேத்தன் எழிலன்" என்று மலர்விழி சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை, உதடு மட்டும் அசையச் சொன்னாள். "நல்லா இருக்குக்கா. ரெண்டும் ஒண்ணா நல்லா வருது."

"வண்டியிலதான் இருக்கான். வா, பாத்துட்டுப் போ."

அந்தப் பெண் எதிர்ப்பக்கம் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி, உள்ளே எதுவும் தெரியாது. ஓர் அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. இப்பத்தான் பால் நின்னிருக்கு."

கம்பெனி பஸ் வந்து நின்றது. "போயிட்டு வரேங்கக்கா" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அவள் பார்த்துவிடக் கூடாதே என்று இத்தனை நாள் பயந்திருந்த சாந்தமேரி, ஒருமுறை வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டியில் ஏறியதும் சிரிலிடம் மறைக்காமல் சொன்னாள். "முடியலன்னு சொல்ல வரல. வச்சிட்டோம்னு சொல்லிட்டேன்."

சிரில் வண்டியை எடுத்தான். கிள்ளான் தாண்டி, கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்றபோதுதான் பேசினான்.

"பாத்தாளா?"

"மாட்டேன்னுட்டா. பால் இப்பத்தான் நின்னிருக்காம்."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்த பிறகே சிரில் நகர்த்தினான்.

"என் ஐசி கார்டுல அப்பா பேரு இருக்குதானே. நான் அவரு மகன்னு ஊருக்கே தெரியும். இவனுக்கு அது என்கிட்ட இருந்து வரட்டும்." பிறகு கேட்டான். "எலிலனா, எளிலனா? எனக்கு அந்த எழுத்து வராது லா."

"எழிலன்" என்றாள் சாந்தமேரி. சுபாங் வருகிற வரைக்கும் அவனுக்கு அது சரியாக வரவேயில்லை.

ஞானஸ்நானம் முடிந்து மண்டபத்தில் விருந்து. மீ கோரிங் நூடுல்ஸும் கேக்கும் நிறைய மிஞ்சின. சிரிலின் சொந்தக்காரர் ஆரோக்கியம் ஆன்டி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"நேத்தன் சரி. நடுவுல அது என்ன பேரு மேரி? நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே. யாரு வச்சது?"

சிரில் தட்டோடு அப்படியே நின்று மனைவியைப் பார்த்தான்.

"அவங்கம்மா வச்சது ஆன்டி" என்றாள் சாந்தமேரி.

சொன்ன பிறகுதான் அம்மா என்ற சொல்லை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டது அவளுக்கு உறைத்தது. வலித்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஆன்டி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்து, "நல்ல பேரு" என்று சொல்லி, அவனைச் சாந்தமேரியின் கையில் கொடுத்தார்.