எதிர்க்கடைக்காரன்

பள்ளி திறப்பதற்குள் சீருடைகளைத் தைத்து முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு ஆர்டரும் தனக்குத்தான் என்று தையல்காரி மனக்கணக்குப் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையை ஒருவன் வாடகைக்கு எடுத்தான். கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி மறைத்தான். ஒரு நாள் இவள் கடைக்கே வந்து, "எந்த நூல் போடுறீங்க? பட்டன் எங்கேருந்து வாங்குறீங்க?" என்று துருவித் துருவிக் கேட்டான்.

அவனும் தையல் கடைதான் வைக்கப் போகிறான், தன் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவன் என்றே முடிவு கட்டினாள். கால் மிஷினை மிதித்தாலும் கண் தெருவைத் தாண்டியே போனது. இடக் கைத்துணியை வலப் பக்கம் மாற்றி அவள் தைத்திருந்த சட்டையைக் கணவன் தூக்கிக் காட்டினான்.

"அவன் கடையையே பார்த்துட்டிருந்தா நம்ம கடையை யாரு பார்க்கிறது?"

"உங்களுக்கென்ன தெரியும்? அவன் பார்வையே சரியில்ல."

"இருக்கட்டும். அவன் கடை திறக்கிறதுக்குள்ள நீ இதை முடி."

அது அவளுக்குச் சுருக்கென்றது. மிஷினைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். சந்தேகம் முதுகில் ஊர்ந்துகொண்டே இருந்தது, ஆனாலும் திரும்பவில்லை. கடைசிச் சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டனும் தைத்த பிறகுதான் தெருவைக் கடந்தாள்.

செய்தித்தாளைக் கிழித்திருந்தார்கள். உள்ளே அலமாரி நிறைய நூல்கண்டும் பட்டனும்.

"வாங்கக்கா. உங்க கடையைப் பார்த்துத்தான் இந்த இடத்தையே பிடிச்சேன். நீங்க தைக்கலன்னா எனக்கு ஏது வியாபாரம்?"

அவள் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் ஒரு நூல்கண்டை எடுத்து, அறுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.